உப்புக் காற்றும் கரண்ட் பில்லும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே மாடி வீடு. 3 கிலோவாட் சோலார் போட ஏஜென்ட் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். மானியம் எவ்வளவு? புயலுக்கு பேனல் நிற்குமா? கரண்ட் போனால் ஃபேனாவது ஓடுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். ஓடாது. மானியத்தில் பெரும்பாலும் போடுவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார். லைனில் கரண்ட் போனதும், பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வர்ட்டர் தானாக நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனைத் தாக்கும். தானே, ஃபெஞ்சல் மாதிரி புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த அனுபவத்தால் சோலார் போடுகிறீர்கள் என்றால், பேட்டரியோடு வரும் ஹைப்ரிட் இன்வர்ட்டருக்குத் தனியாக விலை கேளுங்கள்.

2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000 என்பது கணக்கு. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் ஏறாது. வேலை முடிந்து சோதனையும் முடிந்த பிறகுதான் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். 3 கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் ஆறு, நிழல் விழாத இடம் சுமார் 300 சதுர அடி. ஒரு நாளைக்கு சராசரியாக 12 யூனிட் எதிர்பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் பாதிகூட வராத நாட்கள் உண்டு.

புயலில் பேனல் உடைவதைவிட ஸ்டாண்டோடு பிடுங்கிக்கொண்டு போவதுதான் அதிகம். தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் அடித்தது. அந்தக் காற்று பேனலின் அடியில் புகுந்து மேலே தூக்கும். நம் மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, அதற்கு மேல் தட்டோடு இருக்கும். அவசரத்தில் போல்ட்டை அந்த ஜல்லியோடு நிறுத்திவிடுவார்கள். கையால் ஆட்டிப் பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும். புயலுக்குத்தான் குட்டு வெளிப்படும். போல்ட் அடியிலுள்ள கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். துளையைச் சுற்றி நீர்க்கசிவு அடைப்பும் போட வேண்டும். ஓட்டை போட மனமில்லையென்றால் கான்கிரீட் கட்டை வார்த்து அதில் நிறுத்தலாம், ஆனால் அந்த எடையைக் கூரை தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். துணி காயப்போட இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் ஸ்டாண்ட் கேட்பவர்கள், காற்றின் இழுவையும் கூடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தெற்குப் பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு நம் ஊருக்குப் போதும்.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டாண்ட், உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பாக இருக்கட்டும். மாடியில் வைத்து வெட்டி வெல்டிங் அடித்தால் அந்த இடத்தில் துத்தநாகம் போய்விடும். அங்கிருந்துதான் துரு கிளம்பும். எனவே வெட்டுவது, துளையிடுவது எல்லாம் முக்குவதற்கு முன்பே பட்டறையில் முடிந்திருக்க வேண்டும். போல்ட், நட்டு எல்லாம் உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பேனலைக் காலை வெயில் ஏறும் முன் கழுவுங்கள். உப்பு போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்துவிடும்.

கேள்வி: புதுச்சேரி வைத்திக்குப்பம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏசியில் கேஸ் போய்விடுகிறது. வருகிறவர் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறார்.

பதில்: ஏசியில் கேஸ் தீர்ந்துபோகாது, கசிந்துதான் போகும். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். வெளியே இருக்கும் யூனிட்டில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கின்றன. நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் முதலில் பொடிந்து உதிரும், பிறகு குழாய் பழுதாகும். யூனிட்டைக் கொண்டல் காற்று நேராக அடிக்காத பக்கம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசுங்கள். பிரஷர் பம்ப் அடித்தால் தகடு மடங்கி காற்றோட்டம் அடைபடும்.

அடுத்த தடவை மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தாரா, நிரப்பும் முன் வேக்யூம் போட்டாரா (குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது), யூனிட் லேபிளில் உள்ள கிராம் அளவுக்குத் தராசில் வைத்து நிரப்பினாரா. தொட்டுப் பார்த்து "ஜில்லுனு இருக்கு சார்" என்றால் அது கணக்கில்லை.

கேள்வி: சிலிண்டருக்குப் பதில் இண்டக்‌ஷன் அடுப்பு லாபமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலுக்கு இண்டக்‌ஷனில் ஏறத்தாழ 110 முதல் 130 யூனிட் ஆகும். உங்கள் பில்லில் கடைசியாக வரும் யூனிட்டின் விலையால் 120-ஐப் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறும், அதனால் அந்த எல்லையில் நிற்பவர்கள் காபி, சாதம் என்று கொஞ்சம் மட்டும் இதற்கு மாற்றுவது நல்லது.

2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். கன்வர்ட்டர் பிளக் போட்டு சின்ன சாக்கெட்டில் செருகினால், சில வாரத்தில் சாக்கெட் பழுப்பேறி உருகும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஈயச் சொம்பும் பித்தளையும் ஆகாது. தோசைக்கல் நடுவில் மட்டும் சூடாகும், எனவே குறைந்த வாட்டில் ஐந்து நிமிடம் காயவிட்டு ஊற்றுங்கள். சமைத்ததும் சுவிட்சை உடனே அணைக்காதீர்கள், உள்ளே விசிறி ஓடி அடுப்பு ஆறட்டும்.

கேள்வி: பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா? (பண்ருட்டி)

பதில்: தாராளமாக. பிஎல்டிசி என்றால் பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடுவது. பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். பழைய ரெகுலேட்டரை மட்டும் எடுத்துவிட்டு நேராக இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். அதில் குறைத்து ஓட்டினால் ஃபேனில் இருக்கும் போர்டு கெட்டுவிடும்.