டீச்சர், வேலைய உடனே விட்டுறாதீங்க
பதினோரு வருஷம் படிப்பிச்சிட்டு இப்ப ஹட்டன்ல பிரசவத்துக்குத் துணையா நிக்கிற டூலாவா மாறணும், ரிசைன் பண்ணவான்னு கேட்டிருக்கீங்க டீச்சர். வேணாம், முதல்ல நோ பே லீவு, அதாவது சம்பளமில்லாத லீவு, கிடைக்குமான்னு வலயக் கல்வி ஆபீஸ்ல கேளுங்க. டூலாங்கிறது மிட்வைஃப் இல்ல, பிரஷர் பாக்கிறது மருந்து குடுக்கிறது எதுவும் நம்ம வேலையில்ல, இடுப்ப நீவி விட்டு, நடக்க வச்சு, பயப்படாம பக்கத்துலயே நிக்கிறதுதான். பிரசவத்துல விருப்பமான துணை ஒருத்தர் இருக்கணும்னு 2018லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு, ஆனா லேபர் ரூமுக்குள்ள விடுவாங்களான்னு அந்தந்த ஆஸ்பத்திரியில முன்கூட்டியே கேக்கணும்.

எங்க தோட்டத்து லயத்துல (லைன் வீட்டுல) அக்கா மகளுக்கு வலி வந்தப்ப நான்தான் கூடப் போனேன், நர்ஸ் சிங்களத்துல சொன்னது ஒண்ணும் விளங்காம என் கையப் புடிச்ச புடியில நகம் பதிஞ்சு ரெண்டு நாள் தடம் இருந்துச்சு. உங்களுக்கு சிங்களமும் வரும்னா தோட்டத்துப் புள்ளைகளுக்கு அது எவ்ளோ பெரிய தைரியம் தெரியுமா! எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக் மிட்வைஃப் மிஸ்ஸ இந்த வாரமே போய்ப் பாருங்க.