கேள்வி – பதில்: கரையோரப் பொறியியல் படிக்க மலையகத்திலிருந்து வழி உண்டா?

கேள்வி: ஐயா, நான் மஸ்கெலியாவில் உயர்தரம் கணிதப் பிரிவில் முதலாம் வருடம் படிக்கிறேன். கடலரிப்பால் இழந்த கரைகளை மீட்டெடுக்கும் பொறியியலைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டில் சொன்னபோது, "கடலை நீ இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறாய், அதுவும் பஸ் ஜன்னல் வழியாக" என்று அப்பா சிரித்தார். இப்படியொரு பட்டப்படிப்பு இலங்கையில் உண்டா? மலைநாட்டுப் பிள்ளைக்கு இது ஒத்துவருமா?
– மாணவி, மஸ்கெலியா

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான விடை உங்கள் ஊரிலேயே கிடக்கிறது. வெயில் காலத்தில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயில் தண்ணீருக்கு வெளியே தெரிவதைப் பார்க்க ஊரே திரண்டு போகிறது. எல்லோரும் கோயிலைத்தான் படமெடுக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது நீங்கள் அதைச் சுற்றிப் படிந்து, வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வண்டலைப் பாருங்கள். மலைச் சரிவுகளிலிருந்து வண்டலோடு கழுவப்பட்டு வரும் மணல், அணை மட்டும் இல்லாதிருந்தால், மஸ்கெலி ஓயாவோடு இறங்கி, கெஹெல்கமு ஓயாவைச் சந்தித்து, களனி கங்கையாகக் கொழும்புக்கு வடக்கே கடலில் சேர்ந்திருக்கும். அங்கிருந்து அதைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் கரையோரமாகவே வடக்கு நோக்கி, நீர்கொழும்புப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இன்று ஒரு பங்கை நீர்த்தேக்கங்கள் மறித்துக்கொள்கின்றன, இன்னொரு பங்கை ஆற்று மணல் அள்ளுவோர் லொறிகளில் ஏற்றிவிடுகிறார்கள். வர வேண்டிய மணல் வராதபோது அலை ஓய்ந்திருப்பதில்லை, தான் தள்ளிச் செல்ல வேண்டிய மணலைக் கரையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கடலை இரண்டு தரம் பார்த்த பிள்ளை, அந்தக் கடற்கரைக்கு மணல் புறப்படும் இடத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் கதையும் அல்ல. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1932 முதல் 2016 வரை சுமார் 4,800 சதுர கிலோமீற்றர் கரையோர நிலத்தை இழந்திருக்கிறது. மிசிசிப்பி ஆற்றின் இருமருங்கும் எழுப்பிய வெள்ளத் தடுப்புக் கரைகளும் மேலே கட்டிய அணைகளும் வண்டலைச் சதுப்பு நிலத்துக்குப் போகவிடாமல் செய்தது அதற்கான காரணங்களில் முக்கியமானது. கரை மீட்புப் பொறியியல் ஒரு தனித் துறையாக வளர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று.

இனிப் பட்டத்துக்கு வருவோம். கரையோரப் பொறியியல் என்ற பெயரில் ஓர் இளமானிப் பட்டத்தைத் தேடி அலையாதீர்கள். குடிசார் பொறியியலை முதலில் முடித்துவிட்டு, கரையோரத்தை அதன் மேல் சிறப்புத் துறையாகப் படிப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. பாய்ம இயக்கவியல், மண் பொறியியல், நீரியல், நில அளவை ஆகிய நான்கும் கைவராத ஒருவருக்கு அலையின் கணக்குப் பிடிபடாது. மொறட்டுவை, பேராதனை, ருஹுணு, யாழ்ப்பாணம், தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் நான்கு வருடக் குடிசார் பொறியியல் பட்டம் உண்டு. இவற்றுள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியிலும், தென்கிழக்கின் பீடம் ஒலுவிலில் கடலுக்குப் பக்கத்திலும் இருக்கின்றன. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் கட்டாயம். அனுமதி இசட் புள்ளியின்படியே நடக்கிறது. இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை இரண்டும் அந்தப் பதினாறில் அடங்கும். இதைச் சலுகை என்று சொல்லிக் கூனிக்குறுகுவோரை நான் கண்டிருக்கிறேன். இணைந்த கணிதத்துக்கு ஆசிரியரே இல்லாத பாடசாலையில் படித்து, சனிக்கிழமைகளில் விடியற்காலைப் பஸ்ஸில் நகரத்துக்குப் போய் ஒரு வாரத்துப் பாடத்தை ஒரே பகலில் விழுங்கியவன் என்ற முறையில், எனக்கு அதில் கூச்சம் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் இப்போதே தொடங்கிவிடுங்கள். பொறியியல் பீடங்களில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். என் முதல் மூன்று மாதங்களில் எனக்கு விளங்காமல் போனது கணிதம் அல்ல, விரிவுரையாளர் சொன்ன வேடிக்கைக்கு மற்றவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பதுதான். பௌதிகவியலின் ஓர் அலகையாவது ஆங்கிலப் பாடநூலில் படித்துப் பாருங்கள்.

பட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கதவுகள் பல உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம் இந்தத் துறைக்குத் தலைநகர் போன்றது. அந்த நாட்டவர் 2011 இல் ஹேக் நகருக்கு அருகே 2 கோடியே 15 இலட்சம் கன மீற்றர் மணலைக் கரையோரத்தில் ஒரே குவியலாகக் கொட்டி, அதைக் கரை நெடுகப் பரப்பும் வேலையைக் காற்றுக்கும் அலைக்கும் விட்டுவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

கேள்வி: என் மகள் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதியிருக்கிறாள். மருத்துவத்துக்குப் புள்ளி போதாது. கரையோரத் துறையில் அவளுக்கு இடம் கிடைக்குமா, அல்லது அது கணிதக்காரருக்கு மட்டும்தானா?
– தந்தை, பண்டாரவளை

பதில்: பொறியியலாளர் என்ற பெயர் கிடைக்காது, ஆனால் இடம் கட்டாயம் உண்டு. சொல்லப்போனால், மற்றவர்கள் தவறவிட்டதை உயிரியல் படித்தவர்கள் கண்டுபிடித்த ஒரு விடயம் நம் கரையிலேயே இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலோர உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நட்டால் கரை காப்பாற்றப்படும் என்று பல அமைப்புகள் கன்றுகளைச் சுமந்துகொண்டு இறங்கின. 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, நாட்டில் அவ்வாறு நடப்பட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இருக்கவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டெயர் வரை நட்டதில் தப்பியது 200 முதல் 220 ஹெக்டெயர்தான். காரணம் மிக எளியது. முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் கண்டல் நாற்றைப் பறித்துச் சேற்றில் குத்திவிடுவது யாருக்கும் சுலபம். ஆனால் அந்தச் சேறு எந்த மட்டத்தில் இருக்கிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது, அங்கே உப்பு எவ்வளவு என்று அளந்து பார்க்கப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை. நம் நாட்டில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே ஒரு சாண் தாழ்வாக நட்டாலும் கன்று மூச்சு முட்டிச் செத்துப்போகும், ஒரு சாண் உயர்ந்தால் காய்ந்துபோகும். சிலாபத்துக்கு அருகே ஆனைவிழுந்தான் சரணாலயத்தில், கைவிடப்பட்ட இறால் பண்ணைகள் இருந்த இடத்தில் இப்போது நடைபெறும் மீட்பு வேலையில் இந்த அளவைகளுக்குத்தான் முதலிடம். நீரோட்டத்தைச் சீர்செய்துவிட்டால் சில இடங்களில் கண்டல் விதைகள் தாமாகவே வந்து ஊன்றிக்கொள்ளும். இலங்கையின் கண்டல் மீட்பை 2024 இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது.

மகளுக்கு உரிய இடங்கள்: மாத்தறையில் ருஹுணு பல்கலைக்கழகத்தின் மீன்பிடி மற்றும் கடல் விஞ்ஞான பீடம், கொழும்பு மட்டக்குளியில் சமுத்திரப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் கடற்றொழில் துறை. விண்ணப்பிக்கும்போது இவற்றை மருத்துவம் கிடைக்காததற்கு ஆறுதலாகக் கடைசியில் வைக்காமல், விரும்பி முன்னால் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு முறை எழுதியும் பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. வேறு வழி இருக்கிறதா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: இருக்கிறது, ஆனால் சுற்றுவழி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் நடத்தும் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவில் குடிசார் பிரிவு உண்டு. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் பொறியியல் உயர் தேசிய டிப்ளோமாவும் உண்டு. வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் படிக்கலாம், அதற்குக் கண்டியில் பிராந்திய நிலையம் இருக்கிறது.

நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கும் ஒன்றையும் சொல்கிறேன். நில அளவை, படமாக்கல் கல்வி நிறுவகம் நம் தியத்தலாவையிலேயே இருக்கிறது. கரையை மீட்பதற்கு முன் கடலடி எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், மாரிக்கு முன் கரை எங்கே நின்றது, பின் எங்கே நிற்கிறது என்று அளந்தே ஆக வேண்டும். படகில் ஒலியலைக் கருவியைக் கட்டிக்கொண்டு கடலடியை வரைபவருக்கு வேலை கிடைப்பது, சில வேளைகளில் வடிவமைக்கும் பொறியியலாளருக்குக் கிடைப்பதை விடவும் சுலபம்.

கேள்வி: இத்தனை வருடம் படித்துவிட்டு வேலை கிடைக்குமா? பெண் பிள்ளைக்கு இது ஏற்ற வேலையா?
– தாய், ஹட்டன்

பதில்: உள்ளதைச் சொல்கிறேன். கரையோர வேலை மட்டுமே செய்யும் இடங்கள் இந்நாட்டில் அதிகம் இல்லை. கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம், துறைமுக அதிகாரசபை, மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம், கட்டுபெத்தையில் அலைகளைத் தொட்டிக்குள் எழுப்பி மாதிரிகளைச் சோதிக்கும் லங்கா ஹைட்ரோலிக் இன்ஸ்டிடியூட், சில ஆலோசனை நிறுவனங்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர் வரை கரையோர வலயமாகும். அதற்குள் ஹோட்டலோ பாலமோ எழுப்ப அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஆய்வு வேண்டும், ஆய்வுக்கு ஆள் வேண்டும். பலர் முதல் சில வருடங்களை வீதியிலும் கட்டடத்திலும் கழித்துவிட்டுத்தான் கரைக்கு வருகிறார்கள். மகள் அதற்கும் தயாராக இருக்கட்டும்.

ஏச்சு வாங்கவும் தயாராக இருக்க வேண்டும். 2020 இல் கல்கிசையில் கடலடி மணலை இறைத்துக் கரையை அகலப்படுத்தியபோது, போட்ட மணலை அலை கொண்டுபோய்விட்டது என்று நாடெங்கும் வாக்குவாதம் எழுந்தது. கொட்டிய மணலில் ஒரு பகுதி கரைக்கு முன்னாலுள்ள ஆழமற்ற கடலடியில் போய் அமர்ந்து அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பது இந்த வகை வடிவமைப்பில் எதிர்பார்க்கப்படுவதே. ஆனால் அதை முன்கூட்டியே மக்களுக்கு விளக்காவிட்டால், பணம் கண்ணுக்கு முன்னால் கரைவதாகத்தான் தோன்றும். ஏன் அந்த நேரத்தில், ஏன் அந்த இடத்தில் மணலைக் கொட்டினார்கள் என்று கேட்டவருக்கு நியாயமான பதில் கிடைத்ததா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

பெண் பிள்ளை பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. முழங்காலளவு நீரில் அளவைக் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது, மழையில் கொழுந்துக் கூடையோடு மலையேறுவதை விடக் கடினம் அல்ல.

கேள்வி: மீரியபெத்தையை மறந்துவிட்டீர்களா? மலை சரிந்து நம் சனம் புதையும்போது, பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்புவது நியாயமா?
– ஆசிரியர், நுவரெலியா

பதில்: மறக்கவில்லை, ஐயா. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு படிப்பு அல்ல. நீர் ஊறிய மண் எப்போது தன் பலத்தை இழக்கும் என்ற கணக்குத்தான் கொஸ்லந்தையின் மீரியபெத்தைச் சரிவுக்கும், கடற்கரையில் அடுக்கிய கல் அணையின் அடித்தளத்துக்கும் பொதுவானது. கரையோரம் படித்த ஒருவர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுப் பிரிவில் வேலை செய்யவும் முடியும். 2017 மே மாதம் களு கங்கையின் வெள்ளத்தை வடிப்பதற்காகக் களுத்துறை முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டினார்கள். அதன் பிறகு கலிடோ கடற்கரை அரிக்கத் தொடங்கியது. சிவனொளிபாத மலைப் பக்கம் பெய்த மழையையும் கடலோரத்து மணலையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களே இங்கே குறைவு.

உங்கள் வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கனமழை விட்டதும் பக்கத்து ஓடையில் ஒரு கண்ணாடிப் போத்தல் நிறைய நீர் எடுத்து, நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். மணல் சில விநாடிகளில் அடியில் விழும், வண்டல் சில மணி நேரம் எடுக்கும், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். அடியில் விழுந்த மணலின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து, திகதியையும் மழையளவையும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு வருடத்துக் கணக்குச் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள்.