ஒரே ஒரு நிமிஷமா?

கேள்வி: வண்டி ஓட்டும்போது ஒரே ஒரு நிமிஷம் போன் பேசினாலும் அபராதம் போடுறாங்க. ஆனா ரேடியோ கேக்கலாம், பக்கத்து சீட்டுல இருக்கறவங்களோட வழி முழுக்க அரட்டை அடிக்கலாம். போன் மேல மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை? இது நியாயமான சட்டமா?

பதில்: "ஒரே ஒரு நிமிஷம்"னு எழுதினீங்க பாருங்க, அங்கயே மாட்டிக்கிட்டீங்க. இந்த ஒரு நிமிஷத்தோட நான் வருஷக்கணக்கா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். நம்ம பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதற ஒருத்தர், பேர் வேண்டாம், படிக்கும்போது அவருக்கே தெரியும், கடைசி அத்தியாயம் எங்கேன்னு கேட்டா "ஒரே நிமிஷம் சார், முடிச்சிட்டேன்"ம்பார். அந்த நிமிஷத்துக்குள்ள அட்டை அச்சாகி, உள்பக்கமெல்லாம் முடிஞ்சு, லேஅவுட் பண்றவர் வீட்டுக்குப் போய் தூங்கி எந்திரிச்சு திரும்பியும் வந்துடுவார், அத்தியாயம் மட்டும் வராது. ஒருவழியா வந்தா கடைசி வரியில "தொடரும்"னு இருக்கும்! கடைசி அத்தியாயத்துல தொடரும் போடற மனுஷனை என்னதான் செய்யறது? கேட்டதுக்குக் கோவிச்சுக்கிட்டு, அடுத்த தொடர்ல வர்ற கருமி வில்லனுக்கு என் வழுக்கையையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக் குடுத்துட்டார். அதையும் நான்தான் பிழை திருத்தினேன்.

சரி, வண்டிக்கு வருவோம். 60 கிலோமீட்டர் வேகத்துல போனா உங்க ஒரே ஒரு நிமிஷம் முழுசா ஒரு கிலோமீட்டர். மெசேஜ் யாருன்னு பாக்க மூணு செகண்ட் குனிஞ்சா 50 மீட்டர் போயிருக்கும், அதுக்குள்ள ரோட்டுல யார் வந்தா யார் போனான்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க அதை அவசரம்னு சொல்வீங்க, எதிர்ல வர்றவர் வேற ஏதாவது சொல்வார், சொல்ற நிலைமையில இருந்தா.

ரேடியோவை இழுத்தீங்க. கார்ல ரேடியோ வந்த புதுசுல, 1930கள்ல, அமெரிக்காவுல அதையும் தடை பண்ணணும்னு சிலபேர் கிளம்பினாங்க, எடுபடலை. ரேடியோ உங்ககிட்ட பதில் கேக்கறதில்லை, அதுதான் வித்தியாசம். பக்கத்து சீட்டுக்காரர் பதில் கேப்பார்தான், ஆனா லாரி குறுக்க வந்தா அவர் கண்ணுக்கும் தெரியும், பேச்சை நிறுத்திட்டு "பாத்து, பாத்து"ன்னு அலறுவார், ஏன்னா அவரும் உள்ளதானே உக்காந்திருக்கார். போன்ல இருக்கறவருக்கு லாரியும் தெரியாது ஒண்ணும் தெரியாது, நீங்க ஒரு நொடி பதில் சொல்லலைன்னா "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"ம்பார். இருக்கணுமே!

இப்ப நான் உங்க பக்கம் கொஞ்சம் வரேன். ஆமா, சட்டத்துல அநியாயம் இருக்கு, ஆனா நீங்க சொல்ற அநியாயம் இல்லை. பல நாடுகள்ல போனைக் கையில பிடிச்சாத்தான் குத்தம், காதுல மாட்டிக்கிட்டா நீங்க உத்தமர். 1997லயே கனடாவுல ரெடல்மையர், டிப்ஷிரானின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் போன் கம்பெனி பில்லையும் விபத்து நேரத்தையும் ஒப்பிட்டுப் பாத்து, பேசும்போது விபத்து அபாயம் நாலு மடங்குன்னும், கையில பிடிக்காம பேசறதால பெருசா லாபம் தெரியலைன்னும் எழுதிட்டாங்க. 2006ல அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்து ஸ்ட்ரேயர் குழு, குடிச்சவங்களையும் போன் பேசறவங்களையும் சிமுலேட்டர்ல, அதாவது ரோட்டுல போகாம திரையைப் பாத்து ஓட்டற பொம்மை வண்டியில, ஓட்டவிட்டுப் பாத்துச்சு. பேசறவங்க பிரேக் போடவே லேட்டாச்சு, அதுலயும் ஹெட்செட்டுக்கும் கைக்கும் வித்தியாசம் இல்லை. 2011ல அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஹெட்செட்டோட பேசறதையும் சேத்து தடை பண்ணுங்கன்னே பரிந்துரை பண்ணுச்சு. யார் கேட்டா? தப்பு பண்றது மனசு, போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரியறது கை, அதனால கையைப் பிடிக்கறாங்க.

கையைப் பிடிக்கறதையாவது ஒழுங்கா எழுதினாங்களா? சட்டம் எழுதறவங்க மேல எனக்குப் பழைய கடுப்பு உண்டு, ஒரு வாக்கியத்தை மூணு பக்கத்துக்கு இழுப்பாங்க, அதுலயும் ஓட்டை இருக்கும். இங்கிலாந்துல ஒருத்தர் ரோட்டுல நடந்த விபத்தை வண்டி ஓட்டிக்கிட்டே போன்ல வீடியோ எடுத்தார். கேஸ் 2019ல உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சட்டத்துல தடை பண்ணினது போன்ல தகவல் பரிமாறிக்கறதைத்தானே, படம் பிடிச்சா அது பரிமாற்றம் இல்லையேன்னு அவர் தப்பிச்சுட்டார். 2022 மார்ச்லதான் அந்த ஓட்டையை அடைச்சாங்க. அடிபட்டவனைத் தூக்கறதுக்கு முன்னாடி போனைத் தூக்கற கூட்டத்தைப் பத்தி நான் போன வருஷம் தலையங்கமே எழுதினேன். பாராட்டி ஒருத்தர் அதைப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தார், பின்னாடி ஸ்டியரிங் தெரிஞ்சுது.

அப்புறம், இந்தப் பக்கத்துக்கு வாய்ஸ் மெசேஜ்ல கேள்வி அனுப்பறவங்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெஞ்சு எழுதி அனுப்புங்க. நேத்து வந்ததுல முக்கால்வாசி ஹார்ன் சத்தம், நடுவுல யாரையோ திட்டறது கேட்டுச்சு, கேள்வி என்னன்னே புரியலை. திட்டு தெளிவா இருந்துச்சு.