தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள எந்த மடக்குக்கத்தி வாங்கலாம்: ஒபினெல் எண் 8ஆ, விக்டோரினாக்ஸ் கேடட்டா?

நீங்கள் சொல்லியிருக்கும் வேலைகள் மூன்று. ஆபீஸில் மதியம் பழம் நறுக்க வேண்டும், வருகிற பார்சலைப் பிரிக்க வேண்டும், ரயிலில் ஊருக்குப் போகும்போது கையில் ஒரு கத்தி இருக்க வேண்டும். இதற்கு கேடட் வாங்குங்கள், சின்னச் சின்னக் கருவிகளும் சேர்ந்து மடங்கும் சுவிஸ் பாக்கெட் கத்தி அது. என்னிடம் இரண்டும் இருக்கின்றன, இரண்டையும் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். வெட்டுகிற சுகத்தை மட்டும் பார்த்தால் ஒபினெல்தான் மேல். இருந்தும் கேடட்டைச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர்க் காற்றும், நம் பாக்கெட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும்.

ஒபினெல்லின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவாய் பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்ய ஆரம்பித்த கத்தி இது. அலகு, மரப்பிடி, ஒரு ஆணி, இரண்டு வளையம், அவ்வளவுதான் மொத்தக் கத்தியும். எண் 8இல் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம். அதன் முதுகு இரண்டு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை, அங்கிருந்து வாய் வரை, அதாவது வெட்டும் விளிம்பு வரை, சீராக மெலிந்துகொண்டே வரும். இதன் அருமை கொய்யாக்காயில் தெரியும். தடித்த கத்தி பாதி தூரம் இறங்கியதும் காயைப் பிளந்துவிடும், துண்டுகள் கோணல்மாணலாக வரும். ஒபினெல் அழுத்தாமலேயே அடிவரை இறங்கும். மாங்காயைக் கீற்றுக் கீற்றாகச் சீவ இதைவிட நல்ல சின்னக் கத்தியை நான் பார்த்ததில்லை.

பூட்டும் இதில் உண்டு. 1955இல் மார்செல் ஒபினெல் கண்டுபிடித்த வளையம் அது. அலகைத் திறந்து வளையத்தைத் திருகிவிட்டால் கத்தி மடங்காது. 2000க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம், பைக்குள் தானாகத் திறந்துகொள்ளும் பயம் இல்லை. கேடட்டில் பூட்டே கிடையாது. உள்ளே இருக்கும் வில்லின் (ஸ்பிரிங்) இறுக்கம் ஒன்றுதான் அலகைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் கேடட்டின் நுனியை வைத்து எதையும் குத்தித் துளைக்கக் கூடாது, அலகு விரல் மேலேயே மடங்கிவிடும். இழுத்து அறுக்கிற வேலைக்கு அந்த வில் தாராளமாகப் போதும். நீங்கள் கேட்ட மூன்றும் அந்த வகை வேலைதான்.

இப்போது ஒபினெல்லின் சிக்கல். அதன் பிடி பீச் மரம், ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றே போதும், மரம் அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகம் வைத்து இழுத்தால் அசையாது. சவாய்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் வால்பக்கத்தை மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு வெளியே எட்டிப்பார்க்கும், அப்புறம் விரலால் பிடித்துத் திறக்கலாம். வீட்டில் இது சரி. ஆபீஸ் பான்ட்ரியில் பழத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு கத்தியை மேஜையில் தட்டிக்கொண்டிருக்க முடியாது. பழம் நறுக்கினால் கழுவியாக வேண்டும், கழுவினால் மரம் நனையும், பிறகு திறந்தே காயவைக்க வேண்டும். தினசரிக் கத்திக்கு இந்தப் பராமரிப்பு அதிகம்.

எஃகையும் யோசியுங்கள். ஒபினெல்லில் கார்பன், ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு உண்டு. கார்பன் அலகில் எலுமிச்சை பட்டால் சில நிமிடத்தில் சாம்பலும் நீலமுமாகக் கறை படியும். அது துரு இல்லை, அழகாகவும் இருக்கும், ஆனால் அதே அலகு ஈரத்தோடு ஒரு ராத்திரி கிடந்தால் செம்புள்ளி வந்துவிடும். வியர்வை ஊறும் பான்ட் பாக்கெட்டில் வைக்க அது தோதுப்படாது. என் பேச்சை மீறி ஒபினெல்தான் வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் எடுங்கள்.

எடையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், 45 கிராம் சுமாருக்கு. பாக்கெட்டில் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒபினெல் மடக்கியே 11 சென்டிமீட்டர், உருண்டைப் பிடி. பைக்கில் உட்கார்ந்தால் தொடையில் குத்தும். கேடட் 84 மில்லிமீட்டர் நீளம், 9 மில்லிமீட்டர் கனம், தட்டையாகப் படுத்துக்கொள்ளும். மேல்தகடு சொரசொரப்பான அச்சு போட்ட அலுமினியம், ஈரக்கையிலும் நழுவாது, வியர்வையும் அதை ஒன்றும் செய்யாது.

அடுத்தது, இதை யாரும் கடையில் சொல்லமாட்டார்கள். ரயில் பெட்டியில் எதிர் சீட்டில் ஒரு குழந்தையும் பாட்டியும் இருக்கும்போது ஒபினெல்லைத் திறந்து பாருங்கள். பிடியோடு சேர்த்து 19 சென்டிமீட்டருக்கு மேல், நுனி கூராக, ‘டக்’கென்று வளையம் திருகும் சத்தத்தோடு. பேச்சு நின்றுவிடும். அதே இடத்தில் கேடட்டை எடுத்து ஆரஞ்சு உரித்தால் பாட்டி தன் பழத்தையும் நீட்டுவார். மற்றவர் முகம் சுளிக்காமல் எடுக்க முடிகிற கத்தியைத்தான் நீங்கள் உண்மையில் உபயோகிப்பீர்கள்.

கேடட்டின் அலகு ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பப்பாளிக்குப் போதாது, ஆப்பிள், கொய்யா, பார்சல் டேப், சணல் கயிறு எல்லாவற்றுக்கும் போதும். அதோடு சோடா திறப்பான், டின் திறப்பான், நக அரம். சோடா திறப்பானின் நுனி தட்டையான ஸ்க்ரூடிரைவர், பிளக்கில் தளர்ந்த ஸ்க்ரூவை முடுக்க அதைத்தான் எடுப்பேன். டின் திறப்பானின் சின்ன நுனி சிறிய நட்சத்திர ஸ்க்ரூவிலும் பொருந்தும். கத்தரிக்கோலும் முள்வாங்கியும் இதில் இல்லை, அவை வேண்டுமென்றால் வேறு மாடல் பார்க்க வேண்டும்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016 ஆயுத விதிகளில் உரிமம் கேட்கும் கத்தி என்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, அதிலும் வீட்டு உபயோகம், விவசாயத்துக்கானவை விலக்கு. இவை இரண்டும் அதற்கு வெகு கீழே. ஆனால் ஸ்கேனர் வைத்த வாசல்களில் அலகின் அளவு பேசி வாதாடாதீர்கள், அங்கே போகும் நாளில் வீட்டில் வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போடுங்கள். லண்டனில் இருக்கும் தம்பிக்கும் ஒன்று வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கண்டிப்பாகக் கேடட்தான். பிரிட்டனில் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கொண்டுபோக அனுமதி உள்ளது பூட்டு இல்லாத, வாய் 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்திக்குத்தான். ஒபினெல்லின் வளையம் அங்கே பூட்டாகிவிடும்.

வாங்கியபின் ஒரு வேலை. கேடட்டின் எஃகு மிதமான கடினம், கூர் சீக்கிரம் மழுங்கும், அதே அளவு சீக்கிரம் திரும்ப வரும். சாணைக்கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்கு இல்லாத அந்த விளிம்பில் 15 முதல் 20 டிகிரி சாய்வில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக இழுங்கள். தக்காளித் தோலில் வைத்ததும் இறங்க வேண்டும், அதுவரை இழுக்கலாம். கழுவித் துடைத்தபின் மடக்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.