வாசகர் கேள்வி – பதில்: நெருக்கமும் பிரிவும்

கேள்வி: இஸ்லாம் யூத மதத்துக்கு நெருக்கமானதா, கிறிஸ்தவத்துக்கா? எங்கள் அலுவலகத்தில் இந்த விவாதம் ஓயவே மாட்டேன் என்கிறது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இறைக்கொள்கையையும் அன்றாட நெறியையும் வைத்துப் பார்த்தால் யூத மதத்துக்கு, இயேசுவை வைத்துப் பார்த்தால் கிறிஸ்தவத்துக்கு. இரு தரப்பிலும் பாதி உண்மை இருப்பதால்தான் உங்கள் அலுவலக விவாதம் ஓயவில்லை.

இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையும் உருவமும் இல்லை என்பதில் யூதர்களும் முஸ்லிம்களும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் யூதப் பேரறிஞர் மைமோனிடெஸ், ஸ்பெயினைக் கைப்பற்றிய அல்மொஹாத் முஸ்லிம் அரசின் கெடுபிடியால் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தவர். அப்படியிருந்தும், முஸ்லிம்கள் சிலை வணங்குவோர் அல்லர், அவர்களுடைய ஏகத்துவத்தில் குறை இல்லை என்று எழுதினார். நபிகள் நாயகத்தின் நபித்துவத்தை அவர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டத்திலும் இதே உறவைக் காணலாம். யூதரின் வேதமான தோராவைச் சுற்றி, அதன் சட்ட விளக்கத் தொகுப்புகளான மிஷ்னாவும் தல்மூதும் வளர்ந்தன. குர்ஆனையும் நபிமொழிகளையும் சுற்றி ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியல் வளர்ந்தது. கிறிஸ்தவமோ, யூதரல்லாத விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் கட்டாயமில்லை என்று முதல் நூற்றாண்டிலேயே எருசலேமில் முடிவெடுத்து வேறு வழியில் சென்றுவிட்டது. பன்றி இறைச்சி யூதருக்கும் முஸ்லிமுக்கும் விலக்கு. அறுத்த விலங்கின் இரத்தம் வடிய வேண்டும் என்பதும் இருவருக்கும் பொது. ஆனால் முஸ்லிம் உண்ணும் ஒட்டகக் கறியை யூதர் தொட மாட்டார். இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்கவும் மாட்டார். யூதர் ஓய்வுநாள் இரவில் ஆசி கூறி அருந்தும் திராட்சை இரசம் முஸ்லிமுக்கு ஹராம்.

இனி மறுபக்கம். இயேசு கன்னியிடம் பிறந்தவர், அற்புதங்கள் செய்தவர், மெசியா (அருள்பொழிவு பெற்றவர்) என்று குர்ஆன் கூறுகிறது. யூத மதம் இவற்றில் ஒன்றையும் ஏற்பதில்லை. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே பெண் இயேசுவின் தாய் மர்யம்தான்; 19ஆம் அத்தியாயம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே குர்ஆன், இயேசு இறைமகன் என்பதையும் திரித்துவத்தையும் சிலுவை மரணத்தையும் மறுக்கிறது. கிறிஸ்தவத்துக்கு இவை மூன்றும் உயிர்நாடி. ஆக, இஸ்லாம் கிறிஸ்தவத்தை மிக நெருங்கி வரும் இடத்திலேயேதான் அதைவிட்டு மிகக் கூர்மையாகப் பிரிகிறது.

கேள்வி: ஆபிரகாம் பலியிடத் துணிந்தது எந்த மகனை?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: விவிலியத்தின் தொடக்கநூல் 22ஆம் அதிகாரம் ஈசாக்கு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குர்ஆனின் 37ஆம் அத்தியாயம் மகனின் பெயரைக் கூறுவதில்லை. தொடக்கக் கால விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. தபரி போன்ற பெரும் குர்ஆன் விரிவுரையாளரே இஸ்ஹாக் (ஈசாக்கின் அரபுப் பெயர்) என்று கருதினார். பலி நிகழ்ச்சிக்குப் பிறகே இஸ்ஹாக்கின் பிறப்பு பற்றிய நற்செய்தி அங்கு வருவதைச் சான்றாகக் காட்டி, ஆபிரகாமின் மற்றொரு மகனான இஸ்மாயீல் என்ற கருத்தே பின்னர் நிலைபெற்றது. யூதர்கள் இப்பகுதியைத் தங்கள் புத்தாண்டு வழிபாட்டில் வாசிக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் இதில் சிலுவைப் பலியின் முன்னடையாளத்தைக் காண்கிறார்கள்.

கேள்வி: மேடையில் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்ளும் சமய நல்லிணக்க விழாக்களால் உண்மையில் பயன் உண்டா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: படத்தால் பெரிய பயன் இல்லை, பின்னால் எழுத்தும் படிப்பும் இருந்தால் உண்டு. 1965இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, இயேசுவின் மரணத்துக்கு இன்றைய யூதர்களைக் குற்றஞ்சாட்டக் கூடாது என்றும், முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்றும் கூறியது. தன் கோட்பாட்டில் எதையும் விட்டுக்கொடுக்காமலேயே நூற்றாண்டுகளாக ஊறிய பகையுணர்வை ஒரு திருச்சபை எழுத்தில் கைவிட்டது என்பதால், அந்தச் சில பக்கங்களை நூறு விழாக்களுக்கு மேலாக மதிக்கிறேன். 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடலும் இந்த வகையைச் சேர்ந்ததே.

‘எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது’ என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. எந்த மதத்தையும் படிக்காமல் தப்பிக்க அது வசதியான வழி. 1990களில் தொடங்கி யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் அறிஞர்கள் சிறு குழுக்களாகக் கூடி, தத்தம் வேதத்திலிருந்து ஒரு சிறு பகுதியைச் சேர்ந்து வாசிக்கிறார்கள். முடிவில் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்களும் யோசேப்பின் கதையிலிருந்து தொடங்கலாம். தொடக்கநூலில், அண்ணன்மார் யோசேப்பை ஒழித்துவிட்டுக் காட்டிய, இரத்தம் தோய்ந்த அவனது அங்கியைக் கண்ட தந்தை யாக்கோபு, மகனைக் காட்டு விலங்கு தின்றுவிட்டது என்று நம்பி அழுகிறார்; குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில், இது நீங்களாகப் புனைந்த கதை என்று மகன்களிடமே சொல்லிப் பொறுமையை மேற்கொள்கிறார். இரு தந்தையரையும் அருகருகே வைத்து, ஒரு கிறிஸ்தவ நண்பரோடும் ஒரு முஸ்லிம் நண்பரோடும் ஒரு மாலை பேசிப் பாருங்கள், மேடை தேவைப்படாது.