டாலியை விட்டு கிளவுடுக்கு மாறித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். பல வருடமாக டாலியில்தான் கணக்கு. "கம்ப்யூட்டரில் ஏற்றும் சாஃப்ட்வேர் இனி ஓடாது, சட்டமே வந்துவிட்டது, கிளவுடுக்கு மாறுங்கள்" என்று அதைப் போட்டுத் தந்தவர் நச்சரிக்கிறார். நெட் போனால் கணக்கும் போய்விடுமா?

பதில்: போகாது. கிளவுடு என்றால், உங்கள் கணக்கு கடை கம்ப்யூட்டரில் இல்லாமல், நெட் வழியாகத் திறக்கும் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். நெட் வரும்வரை உங்களால் திறக்க முடியாது, அவ்வளவுதான். மொபைல் ஹாட்ஸ்பாட்டிலேயே பில் போடலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்டே இல்லை, எந்த முறையும் ஓடியிருக்காது. ஆனால் சிபியூ நனைந்து வீணானவர்களுக்கு, கிளவுடில் இருந்திருந்தால் கணக்காவது மிஞ்சியிருக்கும். மாறுவதற்கு நியாயமான காரணம் இது ஒன்றுதான்.

'ஓடாது' என்பது பயமுறுத்தல். ஒரே தடவை பணம் கட்டி வாங்கிய லைசென்ஸ் தொடர்ந்து ஓடும். வருடச் சந்தா கட்டாவிட்டால் புதிய அப்டேட் வராது.

சட்டம் என்று அவர் சொல்வது, கணக்கில் ஒரு பதிவைத் திருத்தினால், எதை எப்போது திருத்தினோம் என்ற தடம் சாஃப்ட்வேரில் பதியவேண்டும் என்ற விதி. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் அது கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகளுக்கு. பிரைவேட் லிமிடெட் என்றால் சரி. உங்கள் பெயரில் தனியாக நடத்தும் கடை என்றால் இல்லை. அண்ணன் தம்பி பங்குதாரராக நடத்தினாலும் இல்லை. ஜிஎஸ்டி எண் இருப்பதால் கடை கம்பெனி ஆகிவிடாது! அந்தத் தடம் பதியும் வசதிகூட கம்ப்யூட்டரில் ஏற்றும் டாலியிலேயே இருக்கிறது. இதை யாரும் கடைக்காரருக்குப் புரியும்படி எழுதி ஒட்டமாட்டார்கள். 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடவில்லை என்றால் மட்டும் உடனே மெசேஜ் வரும்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. கிளவுடு கணக்கை சாஃப்ட்வேர் போட்டுத் தருபவர் தன்னுடைய மெயில், தன்னுடைய செல் நம்பரில் திறந்து தருவார். அடுத்த வருடம் கட்டணம் ஏறும். தகராறு என்றால் பாஸ்வேர்டு அவர் கையில். கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் நம்பருக்கு ஓடிபி வரும்படி இருக்கட்டும். அவருக்குத் தனி யூசர் போதும், அட்மின் வேண்டாம். 'டாலி ஆன் கிளவுட்' என்று விற்றால், அதே டாலியை யாரோ வாடகைக்கு எடுத்த சர்வரில் ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். லைசென்ஸ் யார் பெயரில் என்று பில்லைக் கேளுங்கள்.

மாறுவதானால் ஏப்ரல் 1 அன்று ஆரம்ப இருப்போடு தொடங்குங்கள், நடுவருடத்தில் வேண்டாம். ஜிஎஸ்டிக்கு, அந்தந்த ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கவேண்டும். அதனால் பழைய டேட்டா ஃபோல்டரை இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். அப்படி எடுத்து வைக்கும்வரை பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.