முடிவு சொல்லாத தொடரும் மாமியாரின் கோபமும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். காணாமல் போகும் குழந்தைகளைப் பற்றிய மர்மத் தொடர் ஒன்றை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். மலையூர் ஒன்றில் ஐந்து பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். கடைசியில் மூவர் கிடைத்துவிடுகிறார்கள். மற்ற இருவருக்கு என்ன ஆனது என்று சொல்லவே இல்லை. "ஏமாற்றிவிட்டார்கள்" என்று மாமியார் கொதிக்கிறார். "வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கிறதா? இதுதான் நல்ல முடிவு" என்றேன். "உனக்கு என்ன தெரியும்?" என்றவர் அதன்பின் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. (அவர் தேவனாம்பட்டினத்துக்காரர். தங்கையின் ஐந்து வயது மகன் சுனாமியில் போனான், உடல் கிடைக்கவில்லை.) ஒன்பது வயது மகள் டியூஷனுக்குத் தனியாகப் போக மறுக்கிறாள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் தொடரைப் பற்றித் தொடங்கிய பேச்சு, பஞ்சுமிட்டாய் விற்க வரும் வடநாட்டு இளைஞனைச் சந்தேகப்படுவதில் வந்து நிற்கிறது. தொடரின் முடிவு சரியா, தவறா? நீங்கள் சொன்னால் மாமியார் ஏற்றுக்கொள்வார்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அடைப்புக்குறிக்குள் போட்டுக் கடந்துவிட்டீர்களே, அந்த வரிகளில்தான் உங்கள் வீட்டுச் சண்டையே இருக்கிறது.

நானும் அந்தத் தொடரைப் பார்த்தேன். விடை சொல்லாமல் ஒரு கதையை முடிக்கலாம், அதில் உங்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் இந்தத் தொடர் அதைச் செய்த விதத்தை ஏற்க முடியவில்லை. மூன்று பிள்ளைகள் கிடைத்ததும் ஊரே பட்டாசு வெடிக்கிறது. விசாரணை அதிகாரி பிரிந்திருந்த தன் மகளோடு சேர்ந்துகொள்கிறார். மீதி இரண்டு பிள்ளைகளின் தாய்மார்கள் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் ஒரு காட்சியில்கூட இல்லை. தேடியும் விடை தெரியாமல் நிற்பது ஒன்று, தேடுவதையே விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாகக் காட்டிக்கொள்கிறார்கள். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று உங்கள் மாமியார் சொன்னது முழுக்கச் சரி. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்.

2004 டிசம்பர் 26 காலை தேவனாம்பட்டினத்தில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடல் கிடைத்த வீடுகளில் காரியம் செய்தார்கள், படம் மாட்டி மாலை போட்டார்கள். கிடைக்காத வீட்டில் அதற்குக் கை வருமா? மாலை போட்டால் நாமே அவனைச் சாகடித்தது போல ஆகிவிடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும். ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது, அதைத் துக்கப்படுபவரின் பலவீனமாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்த கருத்து.

இப்படிப்பட்டவரிடம் "எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொடரைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கும். என் தீர்ப்பைக் கொண்டுபோய் அவரிடம் காட்ட வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அத்தை, அந்தத் தம்பி எப்படி இருப்பான்?" என்று கேளுங்கள். அவன் செய்த குறும்பு, அவன் விரும்பிச் சாப்பிட்டது, எதைச் சொன்னாலும் குறுக்கிடாமல் கேளுங்கள். பேச மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கடற்கரையில் பாலூற்றி மலர் தூவுகிறார்கள். இந்த முறை அவர் போவதானால் நீங்களும் உடன் போங்கள். இத்தனை ஆண்டுகளாகத் தங்கையும் அவரும் மட்டுமே சுமந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு.

மகள் விஷயம். யு/ஏ 16+ என்று திரையிலேயே போட்ட தொடரை ஒன்பது வயதுக் குழந்தையை உட்காரவைத்துப் பார்த்திருக்கக் கூடாது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 13+ மற்றும் அதற்கு மேற்பட்ட படைப்புகளுக்கு இணையத் திரைத் தளங்கள் பூட்டு வசதி தந்தாக வேண்டும். அதை இன்றே போட்டுவிடுங்கள். கொஞ்ச நாள் நீங்களே டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுங்கள். "இதற்கெல்லாம் பயப்படலாமா?" என்று அதட்டாமல், எதை நினைத்துப் பயம் என்று கேளுங்கள். தெரிந்தவரே சங்கடப்படுத்தினாலும் அம்மாவிடம் சொல்லலாம் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

எனக்குத் தூக்கம் கெடுவது அந்தப் பஞ்சுமிட்டாய்க்காரனை நினைத்துத்தான். 2018 மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயதுப் பெண்மணி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி செய்த வேலை அது. அவர் தமிழ்நாட்டுக்காரர்தான். வேற்று மொழி பேசும் ஏழை இளைஞனுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? 2024 மார்ச்சில் புதுச்சேரியில் விளையாடிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போய், சில நாளில் சடலமாகக் கிடைத்தாளே, அந்த வழக்கில் கைதானவர்கள் அதே பகுதியில் வசித்தவர்கள். நம் பயம் தெருவில் வருகிற அந்நியனை மட்டுமே பார்க்குமானால், பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கத் தவறிவிடும்.

தொடரில் காவலர் ஒருவர் "ஒரு நாள் பொறுத்து வாருங்கள்" என்பார். அப்படிக் காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. குழந்தை காணவில்லை என்ற புகார் வந்தால், கடத்தலாகவே கருதி உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. குழுவில் இதை எழுதுங்கள். அவசர உதவிக்கான 112, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய எண்களைப் போடுங்கள். அந்த இளைஞனைப் படம் எடுத்து யாராவது பகிர்ந்திருந்தால், அதை உடனே நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் குழுவை நடத்துபவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். உங்கள் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள், அவர் சொன்னால் தெருவில் கேட்பார்கள்.